முன்பல் அழகுச் சிகிச்சைக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை: பெங்களூருத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெங்களூரில் அல்சூர், மர்ஃபி டவுன், கம்மனஹள்ளி, ஸ்ரீராமபுரம் எனத் தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த பகுதிகளிலிருந்து வருபவர்களுக்குப் பல் மருத்துவம் பார்த்து வருகிறேன். முன்பற்களை அழகுபடுத்திக்கொள்ள வருபவர்களின் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கிளினிக்கில் பேச்சு ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் நடந்து முடிந்துவிடுவதால், உடன் வரும் பெற்றோருக்குப் பாதி விஷயம் புரிவதில்லை. வீட்டில் எல்லோரும் சேர்ந்து படித்து முடிவெடுக்கத் தமிழில் ஒரு தொகுப்பு வேண்டும் என்பதற்காக, கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை வைத்து இதை எழுதியிருக்கிறேன்.

1. பல்லை அழகாக்கும் சிகிச்சை என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மொத்தம் என்னென்ன இருக்கின்றன?

பல்லிலிருந்து எவ்வளவு எடுக்கப்படுகிறது என்பதை வைத்து வரிசைப்படுத்தினால் எளிதில் விளங்கும். ஸ்கேலிங் எனப்படும் பல் சுத்தமும், பல்லை வெளுக்கச் செய்யும் ப்ளீச்சிங்கும் பல்லை அராவுவதே இல்லை. கிளிப்பும், கழற்றி மாட்டக்கூடிய ஒளி ஊடுருவும் உறையான அலைனரும் பல்லை நகர்த்துகின்றன. இடம் போதாதபோது மட்டும் இரு பற்களுக்கு நடுவே மிகச் சிறிதளவு தேய்ப்பார்கள். பல் நிறத்திலுள்ள காம்போசிட் என்ற ஃபில்லிங் பொருளை ஒட்டி வடிவம் கொடுக்கும் பாண்டிங்கில் அராவுதல் மிகக் குறைவு, பல சமயம் தேவையே இருக்காது. வெனீர் என்பது பல்லின் முன்பக்கத்தில் ஒட்டப்படும் மெல்லிய தகடு. அதற்கு எனாமல் எனப்படும் பல்லின் வெளிப்படலத்தில், முன்பக்கத்தில் ஒரு பகுதி போகும். நாம் கேப் என்று சொல்லும் கிரவுனுக்குப் பல்லைச் சுற்றிலும் அராவ வேண்டும்.

எனாமல் நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். ஆனால் அதில் உயிருள்ள செல்கள் கிடையாது என்பதால், முறிந்த எலும்பு கூடுவதுபோல் அது மீண்டும் வளராது. ஆகவே எந்தச் சிகிச்சையைச் சொன்னாலும், பல்லில் எவ்வளவு எடுப்பார்கள், பிடிக்காவிட்டால் பழையபடி ஆக்க முடியுமா என்ற இரண்டையும் முதலில் கேளுங்கள். வரிசையின் தொடக்கத்திலுள்ள சிகிச்சையால் காரியம் முடியுமானால் கடைசியிலுள்ளதற்குப் போகக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. கீழேயுள்ள பதில்கள் பலவும் இதையொட்டியே வரும்.

2. ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும், இடைவெளி விழும் என்று அம்மா பயப்படுகிறார். உண்மையா?

இல்லை. பல ஆண்டுகளாகப் படிந்து கெட்டியான பற்காரை, பற்களுக்கு நடுவிலிருந்த இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். அதை எடுத்தவுடன் ஏற்கெனவே இருந்த இடைவெளி நாக்குக்குத் தட்டுப்படுகிறது. ஈறும் எலும்பும் தேய்ந்து ஆடத் தொடங்கிய பல்லைக் காரைதான் பிடித்து வைத்திருந்ததுபோல் தோன்றும், ஆனால் அந்தத் தேய்மானத்துக்குக் காரணமே அந்தக் காரைதான். ஈறில் இரத்தம் கசியும் வாயில் எந்த அழகுச் சிகிச்சையையும் தொடங்கக்கூடாது. பலர் ஸ்கேலிங் முடிந்ததும் கண்ணாடியில் பார்த்துவிட்டு, இதுவே போதும் என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்; அதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

3. என் பல் சுத்தமாக இருந்தாலும் மஞ்சளாகத்தான் இருக்கிறது. ப்ளீச்சிங் செய்தால் வெள்ளையாகிவிடுமா?

எனாமல் ஓரளவு ஒளி ஊடுருவும் பொருள். அதன் அடியிலுள்ள டென்டின் இயல்பிலேயே மஞ்சள் நிறம் கொண்டது. வயது ஏற ஏற எனாமல் தேய்ந்து, அடியிலுள்ள நிறம் கூடுதலாகத் தெரியும். ஆகவே இலேசான மஞ்சள் நோயின் அடையாளம் ஆகாது. ப்ளீச்சிங்கில் பயன்படும் ஹைட்ரஜன் பெராக்சைடு அல்லது கார்பமைடு பெராக்சைடு பல்லுக்குள் ஊடுருவி நிறப்பொருளைச் சிதைக்கிறது. உங்கள் பல்லுக்கு அளவெடுத்துச் செய்த டிரேயில் 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல்லை இட்டு இரவில் அணியும் முறை 1989 முதல் வழக்கில் உள்ளது. மெதுவாகச் செயல்படும், ஆனால் நம்பகமானது. கிளினிக்கில் ஒரே அமர்வில் செய்வது விரைவானது. அங்கே அடிக்கும் நீல விளக்கால் நிலையான கூடுதல் பயன் இருப்பதாக நிரூபணமாகவில்லை. அமர்வு முடிந்தவுடன் தெரியும் வெண்மையில் ஒரு பகுதி, பல் உலர்ந்திருப்பதால் வருவது. ஓரிரு நாட்களில் அது சற்றுத் தணியும்.

பல் கூச்சம் சில நாட்கள் இருக்கலாம். பொட்டாசியம் நைட்ரேட் கலந்த பற்பசை உதவும். முக்கியமான ஒன்று: ஏற்கெனவே போட்ட ஃபில்லிங், கேப், வெனீர் ஆகியவை ப்ளீச்சிங்கில் வெளுப்பதில்லை. முன்பல்லில் பழைய ஃபில்லிங் இருந்தால் சுற்றிலும் வெளுத்து அது மட்டும் தனியாகத் தெரியும், பிறகு அதை மாற்ற வேண்டிவரும். அப்படி மாற்றுவதையோ, வெனீர் ஒட்டுவதையோ ப்ளீச்சிங் முடிந்து 2 வாரங்களுக்குப் பிறகே செய்ய வேண்டும். பல்லில் தங்கும் ஆக்சிஜன் ஒட்டுப் பசையின் பிடிப்பைக் குறைக்கும், நிறமும் அதற்குள் நிலைபெற்றிருக்காது.

4. எலுமிச்சை, சமையல் சோடா, கரித்தூள் போட்டுத் தேய்த்தால் போதாதா? பார்லரிலும் பல் வெளுக்கச் செய்கிறார்களே?

எலுமிச்சையின் அமிலம் எனாமலைக் கரைக்கும். கரித்தூள் அதைத் தேய்க்கும். எனாமல் மெலிந்தால் 3ஆம் பதிலில் சொன்ன மஞ்சள் டென்டின் இன்னும் கூடுதலாகத் தெரியும், அதாவது நீங்கள் விரும்பியதற்கு நேரெதிரான பலன் கிடைக்கும். பதிவு பெற்ற பல் மருத்துவர் இல்லாத இடத்தில் ப்ளீச்சிங் செய்துகொள்ளாதீர்கள். சொத்தையோ வெடிப்போ உள்ள பல்லில் அந்த இரசாயனம் பட்டால் கடும் வலி வரும்; அதைப் பார்த்தறிய அங்கே ஆள் இல்லை.

5. எங்கள் சொந்த ஊர் தர்மபுரிப் பக்கம். எனக்கும் தம்பிக்கும் பல்லில் பழுப்புத் திட்டு இருக்கிறது. எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. கேப்தான் வழியா?

பெங்களூரில் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பகுதிகளிலும், இந்தப் பக்கம் கோலார், சிக்கபள்ளாப்பூர், துமகூரு பகுதிகளிலும் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃப்ளோரைடு கூடுதலாக உள்ள ஊர்கள் பல. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீரே இல்லாவிட்டால் 1.5 வரை அனுமதி. பற்கள் தாடைக்குள் உருவாகும் வயதில், ஏறத்தாழ 8 வயதுக்குள், இந்த அளவுக்கு மேல் ஃப்ளோரைடு உள்ள நீரைத் தொடர்ந்து குடித்த குழந்தைகளுக்கு எனாமல் சரியாக முதிராமல் வெண்திட்டுகள் விழுகின்றன. அவற்றில் பின்னர் நிறம் ஏறிப் பழுப்பாகிறது. பல் தேய்க்காததால் வந்ததென்று பள்ளியில் திட்டு வாங்கியவர்கள் என்னிடம் வந்து வருந்தியிருக்கிறார்கள். அது அவர்கள் குற்றமே இல்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட விரும்புகிறேன்.

கேப் கடைசி வழி. இலேசான திட்டுகளுக்கு, அமிலமும் நுண்துகளும் கலந்த பசையால் மேற்பரப்பை மட்டும் மிக மெல்லியதாகத் தேய்த்தெடுக்கும் மைக்ரோஅப்ரேஷன் இருக்கிறது. அதையடுத்து டிரே ப்ளீச்சிங் செய்தால் திட்டுக்கும் மற்ற இடத்துக்கும் உள்ள நிற வேறுபாடு குறையும். வெண்திட்டுகளின் நுண்துளைகளுக்குள் ரெசின் என்ற நீர்போன்ற பிசினை ஊடுருவ விட்டு, அவை கண்ணில் படாமல் செய்யும் முறையும் உண்டு. இவற்றுக்குப் பிறகும் மனம் ஒப்பாத இடத்தில் காம்போசிட் ஒட்டலாம். எனாமல் குழிவிழுந்து பெயர்ந்து போயிருக்கும் கடுமையான நிலையில்தான் வெனீரோ கேப்போ தேவைப்படும். ஊரில் சிறு குழந்தைகள் இருந்தால் அவர்கள் குடிக்கும் நீரை உடனே பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

6. வெனீருக்கும் கேப்புக்கும் என்ன வித்தியாசம்? எத்தனை வருடம் வரும்?

வெனீருக்கு முன்பக்கத்தில் பெரும்பாலும் 0.3 முதல் 0.7 மில்லிமீட்டர் வரை எடுப்பார்கள். அது எனாமலுக்குள்ளேயே நின்றால் ஒட்டு உறுதியாக இருக்கும், டென்டின் வரை போய்விட்டால் பிடிப்பு குறைந்து கூச்சம் கூடும். கேப்புக்குச் சுற்றிலும் 1 மில்லிமீட்டருக்குக் குறையாமல் போகும். கண்ணுக்குத் தெரியும் பல்லின் பாதிக்கும் மேற்பட்ட பங்கு அதில் கரைந்துவிடும். ஏற்கெனவே உடைந்த, வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்து பலவீனமான பல்லுக்குக் கேப் காப்பு. நல்ல பல்லுக்கு அது இழப்பு.

பீங்கான் வெனீர் நன்றாகப் பராமரித்தால் 10 முதல் 15 ஆண்டுகள் வரும், அதற்கு மேலும் நீடிக்கலாம். காம்போசிட் 5 ஆண்டுகளை ஒட்டி நிறம் மங்கி, ஓரம் சிதையத் தொடங்கும்; ஆனால் அதை அப்படியே மெருகேற்றவோ ஒட்டுப்போடவோ முடியும். எதுவுமே ஆயுளுக்கும் வராது. யாராவது ஆயுள் உத்தரவாதம் தந்தால் 14ஆம் பதிலைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

7. மகளுக்கு ஆவணியில் கல்யாணம். முன்பல் இரண்டு கோணலாக இருக்கிறது. கிளிப் என்றால் ஒன்றரை வருடம், கேப் என்றால் பத்து நாள் என்கிறார்கள். கேப்பே போட்டுவிடலாமா?

இந்த ஒரு கேள்விக்காகவே இதை எழுதத் தொடங்கினேன் என்று சொல்லலாம். கோணலாக உள்ள இரண்டு பற்களுக்கு மட்டும் கேப் போட்டால் பக்கத்துப் பற்களோடு நிறமும் வடிவமும் ஒத்து வராது என்று சொல்லி, 6 அல்லது 8 பற்களை அராவுவதுதான் வழக்கம். சொத்தையே இல்லாத பற்கள் அவை. 25 வயதில் போட்ட கேப்பை 40 வயதை ஒட்டி ஒரு முறை, 55 வயதை ஒட்டி இன்னொரு முறை மாற்ற வேண்டிவரும். ஒவ்வொரு முறையும் அடியிலுள்ள பல் இன்னும் கொஞ்சம் குறையும். ஆழமாக அராவிய பற்களில் சில, பல ஆண்டுகள் கழித்து உள் நரம்பு செத்து, வேர் சிகிச்சைக்கு வரும். தாடைக்குள் வேர் கோணலாகவே இருக்க, மேலே உள்ள உறையை மட்டும் நேராக்குவதால் ஈறின் வளைவும் இயல்பாக அமையாது.

மாற்று வழி இருக்கிறது. முன்பற்களை மட்டும் நேராக்கும் அலைனர் சிகிச்சை, கோணல் குறைவாக இருந்தால் சில மாதங்களிலேயே முடியக்கூடும். முடியாவிட்டாலும் முகூர்த்தத்தன்று அலைனரைக் கழற்றி வைத்துவிட்டு, மறுவீட்டுச் சடங்குகள் முடிந்தபின் தொடரலாம். ஒட்டிய காம்போசிட்டால் கோணல் கண்ணுக்குத் தெரியாதபடி ஓரளவு மறைத்து, பின்னர் நிதானமாகக் கிளிப் போடலாம். எதைச் செய்தாலும் பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாதிருக்க ரிட்டெய்னர் அணிந்தே ஆக வேண்டும். அதை நிறுத்தியவர்களுக்குத்தான் கோணல் மீண்டும் வருகிறது.

மகளிடம் தனியாக ஒரு முறை கேளுங்கள். மாப்பிள்ளை வீட்டில் யாரோ சொன்னார்கள் என்பதற்காக, அவளே குறையாக நினைக்காத ஒரு தெற்றுப்பல்லை அராவிவிட்டு, பிறகு அழுத பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

8. நாளைக்கு வலி வராமல் இருக்க, கேப் போடப்போகும் எட்டுப் பல்லுக்கும் இப்போதே ரூட் கெனால் செய்துவிடலாம் என்கிறார்கள். சரியா?

உயிருள்ள, நோயற்ற பல்லுக்கு வருமுன் காப்பதாக வேர் சிகிச்சை செய்வதை நான் ஏற்பதில்லை. பல்லை மிக ஆழமாக அராவப் போகிறார்கள் என்பதற்கு அது அடையாளம். அப்படிச் சொன்னால் ஒவ்வொரு பல்லுக்கும் எக்ஸ்ரேயைக் காட்டிக் காரணம் கேளுங்கள், அராவத் தொடங்கும் முன் வேறொரு மருத்துவரிடமும் காட்டுங்கள். மேல்பல்லில் கைவைத்தால் கண்பார்வை போகும் என்ற அச்சமும் கூடவே வரும். அதற்கு ஆதாரம் இல்லை.

9. முடிந்தபிறகு எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு, அதைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை. கணினித் திரையில் காட்டும் படம் மட்டும் போதாது. திரையில் உதடு அசைவதில்லை. உங்கள் பல்லின் அச்சின்மேல் மெழுகால் புதிய வடிவத்தைச் செய்து, அதிலிருந்து எடுத்த அச்சின் மூலம் தற்காலிகப் பொருளை உங்கள் வாயிலேயே, பல்லை அராவாமல் பொருத்திக் காட்ட முடியும். அதோடு எழுந்து நின்று பேசிப் பாருங்கள். ‘வ’ வரும் சொற்களைச் சொல்லும்போது மேல்பல்லின் நுனி கீழுதட்டின் உள்விளிம்பைத் தொட வேண்டும். உதட்டில் இடித்தால் பல் நீளம். அம்மாவிடமோ கணவரிடமோ பேசிக் காட்டுங்கள், சிரித்துக் காட்டுங்கள்.

நிறத்தை அமர்வின் தொடக்கத்திலேயே, சன்னலோர வெளிச்சத்தில், உதட்டுச் சாயத்தைத் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். அரை மணி நேரம் வாய் திறந்திருந்தால் பல் உலர்ந்து வெளிறிவிடும். அந்த நேரத்தில் எடுத்த நிறம் தவறாகும். பல் நிறங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் அட்டையில் இருப்பதிலேயே வெளிர்ந்த நிறத்தைச் சிலர் கேட்கிறார்கள். கண்ணின் வெண்படலத்தைவிடப் பல் வெளுப்பாக இருந்தால் எல்லோர் பார்வையும் பல்லிலேயே நிற்கும் என்பதை மட்டும் நினைவூட்டுவேன். பல்லை அராவிய பின், நிரந்தரமானது தயாராகும் வரை தற்காலிக உறைகளோடு இருக்கும் நாட்களில் சாம்பாரின் மஞ்சள் அவற்றில் ஏறிவிடும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம், நிரந்தரப் பீங்கானில் அப்படி ஏறாது.

10. எனக்கு ஈறு கறுப்பு. லேசரில் சிவப்பாக்கலாமா?

நம் தோலுக்கு நிறம் தரும் மெலனின்தான் ஈறுக்கும் நிறம் தருகிறது. தென்னிந்தியர்களில் கறுத்த ஈறு மிகச் சாதாரணம், முழு ஆரோக்கியத்தின் நிறமாகவே அது இருக்கலாம். புகைபிடித்தலால் அது கூடும். லேசரிலோ கத்தியாலோ மேல்படலத்தை நீக்க முடியும், ஆனால் மாதங்களிலோ ஆண்டுகளிலோ நிறம் திரும்பி வரக்கூடும். இதைச் சொல்லாமல் பணம் வாங்குவது முறையன்று. முன்பு இல்லாத ஒரு கறுப்புத் திட்டு ஓரிடத்தில் மட்டும் புதிதாகத் தோன்றினால் அழகைப் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டு அதைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

11. சர்க்கரை இருக்கிறது, இரத்தம் நீர்க்க மாத்திரையும் சாப்பிடுகிறேன். செய்யலாமா?

சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்தால் செய்யலாம். கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு ஆறாது, கேப்பின் ஓரத்தில் வீக்கம் நிற்காது. அண்மைய மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைப் பரிசோதனை முடிவைக் கொண்டுவாருங்கள். இதய மருத்துவர் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், பல் மருத்துவர் சொன்னாலும் இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். கர்ப்பமாகவோ பாலூட்டிக்கொண்டோ இருந்தால் ப்ளீச்சிங்கைத் தள்ளிப்போடுங்கள், அவசரம் எதுவுமில்லை. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும் வழக்கம் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். இரவில் அணியும் காப்பு இல்லாமல் வெனீர் போட்டால் விரைவில் பெயரும்.

12. பத்தாவது படிக்கும் பெண் வெனீர் கேட்கிறாள்.

வேண்டாம். அந்த வயதில் பல்லின் உள் நரம்பறை பெரிதாக இருக்கும், ஈறின் எல்லையும் இன்னும் மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 18 வயதுக்குக் கீழ் ப்ளீச்சிங்குக்கே அனுமதியில்லை. விழுந்து உடைந்த பல்லாக இருந்தால் காம்போசிட்டால் கட்டலாம், கோணல் என்றால் கிளிப்புக்கு இதுவே நல்ல வயது.

13. பலகையில் காஸ்மெட்டிக் டென்டிஸ்ட் என்று இருக்கிறது. அது தனிப் படிப்பா?

இந்தியாவில் பல் மருத்துவ முதுநிலைப் பட்டத்துக்குரிய பிரிவுகளில் அப்படியொரு பெயர் இல்லை. கேப், வெனீர், செயற்கைப் பல் ஆகியவற்றுக்குப் பிராஸ்தோடான்டிக்ஸ், ஃபில்லிங்கும் வேர் சிகிச்சைக்கும் கன்சர்வேட்டிவ் டென்டிஸ்ட்ரி, பல்லை நகர்த்த ஆர்தோடான்டிக்ஸ் என்று பிரிந்திருக்கின்றன. பல் மருத்துவ இளநிலைப் பட்டமான பி.டி.எஸ். மட்டும் முடித்தவரும் இவற்றை நன்றாகச் செய்யலாம். ஆனால் ஓரிரு நாள் பயிற்சிச் சான்றிதழை முதுநிலைப் பட்டமாக எண்ணிவிடக்கூடாது.

மருத்துவரின் பெயர் கர்நாடக மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவாகியிருக்க வேண்டும், கிளினிக்கும் 2007ஆம் ஆண்டின் கர்நாடகத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது அவமரியாதை ஆகாது. அவரே செய்த சிகிச்சைகளில் சில ஆண்டுகள் கழிந்தவற்றின் படங்களைக் காட்டச் சொல்லுங்கள்; ஒட்டிய அன்று எல்லாமே அழகாகத்தான் இருக்கும்.

14. ஒரு இடத்தில் ஒரு விலை, இன்னொரு இடத்தில் மூன்று மடங்கு. உத்தரவாத அட்டையும் தருகிறார்கள். ஓசூரில் மலிவாக முடிகிறது, லீவில் போய்ச் செய்துகொள்ளலாமா?

விலையில் அடங்குபவை: பொருள், கேப்பையும் வெனீரையும் செய்துதரும் லேபின் தரம், மருத்துவர் செலவிடும் நேரம், கிளினிக்கின் வாடகை. ஒயிட்ஃபீல்டில் கண்ணாடிக் கட்டடத்தில் கொடுக்கும் கூடுதல் பணம் முழுவதும் உங்கள் பல்லுக்குப் போகிறது என்று எண்ண வேண்டாம். பல் எண், பொருளின் பெயர், லேபின் பெயர், தற்காலிக உறை, பின் சரிபார்ப்பு ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதிய மதிப்பீடு வாங்குங்கள். உத்தரவாத அட்டை பெரும்பாலும் சிர்கோனியா (கேப் செய்யும் ஒரு பீங்கான் வகை) உடைந்தால் அந்தப் பொருளை மாற்றித் தருவதற்கானது. அடியிலுள்ள பல் சொத்தையானாலோ ஈறு வீங்கினாலோ அது உதவாது. மருத்துவக் காப்பீடும் அழகுக்கான பல் சிகிச்சைக்குப் பொதுவாகப் பணம் தராது. செலவு பெரும் சுமையாக இருந்தால் விக்டோரியா மருத்துவமனை வளாகத்திலுள்ள அரசுப் பல் மருத்துவக் கல்லூரியில் முதலில் காட்டலாம்.

ஓசூரிலோ வேலூரிலோ நல்ல மருத்துவர்கள் இருக்கிறார்கள்; அதில் குறையில்லை. ஒட்டிய பிறகு கடி சரியாக இருக்கிறதா என்று பார்க்கவும், ஈறை ஒரு முறை பரிசோதிக்கவும் மீண்டும் போக வேண்டும் என்பதை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒட்டி, திங்கட்கிழமை பேருந்து ஏறுவதாக இருந்தால் வேண்டாம்.

15. எனக்கு ஏற்கெனவே எட்டுப் பல்லுக்கும் ஒன்றோடொன்று சேர்ந்த கேப் போட்டாயிற்று. ஈறு வீங்கி இரத்தம் வருகிறது, நாற்றமும் இருக்கிறது. இனி என்ன செய்வது?

பற்களை ஒன்றோடொன்று இணைத்துச் செய்த கேப்புகளில் நடுவே பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூல் நுழையாது. உணவு தங்கி ஈறு அழுகும். கேப்பின் ஓரம் ஈறுக்குள் அதிக ஆழம் போயிருந்தாலும் இதே வீக்கம் வரும், எவ்வளவு தேய்த்தாலும் அடங்காது. முதலில் ஒவ்வொரு பல்லுக்கும் எக்ஸ்ரே எடுத்து, அடியில் சொத்தையும் எலும்புத் தேய்மானமும் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். ஓரம் மட்டும் சரியில்லையென்றால் சில சமயம் மெருகேற்றி ஈறுக்குச் சிகிச்சை செய்தே காப்பாற்றலாம். இல்லாவிட்டால் அறுத்தெடுத்து, தற்காலிக உறையில் சில வாரங்கள் ஈறை ஆறவிட்டு, பின் தனித்தனியாகப் போட வேண்டும். அதற்கிடையில் இணைந்த பற்களுக்கு அடியில் நுழையும் சிறு பிரஷ்ஷையோ நீர்ப் பீச்சியையோ தினமும் பயன்படுத்துங்கள்.

செய்த இடத்துக்கே முதலில் எழுத்தில் தெரிவித்து, உங்கள் எக்ஸ்ரே, ரசீது, சிகிச்சைக் குறிப்பு ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். பலரும் கோபத்தில் இதை விட்டுவிடுகிறார்கள். அங்கே தீராவிட்டால் மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் முறையிடலாம். கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்திருக்கிறது; 2019ஆம் ஆண்டின் சட்டப்படி, பாதிப்பு ஏற்பட்ட 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்க வேண்டும். பழைய கேப்பை அறுத்தெடுக்கும் முன் புதிய மருத்துவரிடம் படங்கள் எடுத்துத் தேதியோடு குறிப்பு எழுதித் தரச் சொல்லுங்கள். எடுத்த கேப்புகளையும் வீசாமல் ஒரு டப்பாவில் போட்டு வாங்கி வையுங்கள்.